பெட்டையின் தேர்வு

ஆண் ஆளுவதும் பெண் அடங்குவதும் இயற்கையென்று பிரசங்கம் செய்கிறவர்கள், அந்த இயற்கையை ஒரு நாளாவது கண்ணால் பார்த்ததுண்டா?

ஆண் மயிலுக்குத் தோகை ஒரு சுமை. அப்படியிருந்தும் அது ஏன் வளர்ந்தது? கடவுள் கைவேலை என்று சொல்லிவிட்டால் வேலை தீர்ந்தது! டார்வின் அப்படி விட்டுவிடவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பெட்டைகள் பார்த்துப் பொறுக்கியதால் வளர்ந்ததென்று 1871-ம் வருஷம் எழுதினார். பெட்டைக்கு அவ்வளவு ரசனையா என்று பலர் சந்தேகித்தார்கள். அவருடைய சிநேகிதர் வாலஸே ஒப்பவில்லை.

1982-ல் ஆன்டர்சன் என்கிற சுவீடன் தேசத்தார் தாம் கென்யாவில் செய்த பரீட்சையை வெளியிட்டார். அங்கே ஒரு கரிய குருவி. ஆணுக்கு வால் மட்டும் ஒன்றரை அடி. சில ஆண்களின் வாலை வெட்டி, அந்தத் துண்டை வேறு சிலவற்றின் வாலில் பசையால் ஒட்டினார். இன்னும் சிலவற்றுக்கு வெட்டிய வாலையே திரும்ப ஒட்டினார், வெட்டியதே கெடுதலோ என்று பார்க்க. என்ன ஆயிற்று? ஒட்டு வால்காரனுடைய எல்லைக்குள்தான் பெட்டைகள் அதிகமாகக் கூடு கட்டின! குட்டை வாலான் தன் எல்லையை இழக்கவுமில்லை. ஆகவே, தீர்ப்புச் சொன்னது ஆண்களின் சண்டையல்ல, பெட்டைதான்.

குருவியைப் பார்த்து நாம் நடக்கவேண்டுமென்று நான் சொல்ல வரவில்லை. வாத்துகளில் பெட்டையைப் பலாத்காரம் செய்கிற ஆண்களும் உண்டு.