முப்பது நாளில் வர வேண்டிய பணம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளத்தைப் பற்றி நாம் எப்போதும் பேசுகிறோம். பேசத்தான் வேண்டும். ஆனால் வேலை நின்ற பிறகு கிடைக்க வேண்டிய பணத்தைப் பற்றி நாம் பேசுவது குறைவு. பேர் பதிவு நின்று, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த அடுத்த மாதத்திலிருந்து அந்த வீட்டுக்கு எதுவும் வருவதில்லை. வேலை இல்லாதவருக்கு மாதாமாதம் பணம் கொடுக்கும் காப்புறுதித் திட்டம் சில நாடுகளில் இருக்கிறது. நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. நமக்கு இருப்பது மூன்றே மூன்று: சேவைக்காலப் பணம், ஈ.பீ.எப்., ஈ.டீ.எப். அதனால்தான் இந்த மூன்றும் தாமதமாவதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிட முடியாது என்கிறோம்.

நாங்கள் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறோம். பணம் தாமதமாவது எங்களுக்கு முதலில் தெரிவது வகுப்பில்தான். "அப்பாயிக்குக் காசு வந்ததும் கொப்பி வாங்குவோம் சேர்" என்று ஒரு பிள்ளை ஜனவரியில் சொல்கிறது. மே மாதத்திலும் அதையே சொல்கிறது. அடுத்த வருசம் அந்தப் பிள்ளை கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறது. ஒரு பாட்டிக்குச் சேர வேண்டிய பணம் தோட்ட ஆபீசில் நின்றதால் ஒரு பேரப்பிள்ளையின் படிப்பும் நின்றுபோனது.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

சேவைக்காலப் பணம் என்பது பணிக்கொடை. 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அதைத் தருகிறது. ஐந்து வருடம் முடித்த தொழிலாளிக்கு அது உரிமை. நாட்கூலிக்கு வேலை செய்பவருக்கு, முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாட் சம்பளம் என்று கணக்கு. கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்தே கணக்குப் பார்க்க வேண்டும். இருபது வருடத்துக்கு முந்திய சம்பளத்தை வைத்து அல்ல. ஓய்வு பெற்றாலும், தானாக வேலையை விட்டாலும், நிர்வாகம் நிறுத்தினாலும், வேலையில் இருக்கும்போது இறந்தாலும் அந்தப் பணம் உண்டு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு அம்மா 30 வருடம் வேலை செய்தார். கடைசி நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 14 நாளுக்கு 18,900. அதை 30ஆல் பெருக்கினால் 5,67,000 ரூபாய். இந்தப் பணத்தை வேலை முடிந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். "கம்பெனியில் காசு வந்ததும்" என்றோ "முறை வரும்போது" என்றோ சட்டத்தில் எழுதவில்லை. 30 நாள் என்றுதான் எழுதியிருக்கிறது.

தாமதித்தால்? அதற்கும் சட்டத்தில் வழி இருக்கிறது. மிகைக்கட்டணம் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அது 10 வீதத்தில் தொடங்குகிறது. தாமதம் கூடக் கூட அதுவும் கூடுகிறது. ஒரு வருடத்தைத் தாண்டினால் 30 வீதம். நாம் சொன்ன கணக்கில் அது 1,70,100 ரூபாய். இரண்டு வருடம் அலைந்து பணம் வாங்கியவர்களில் எத்தனை பேர் இந்த மேலதிகப் பணத்தையும் சேர்த்து வாங்கினார்கள்? கையைத் தூக்குங்கள் என்றால் இந்த மண்டபத்தில் எத்தனை கை எழும்பும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இரண்டாவது ஈ.பீ.எப். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம். நம் சம்பளத்தில் 8 வீதம் வெட்டுகிறார்கள். நிர்வாகம் 12 வீதம் போட வேண்டும். மூன்றாவது ஈ.டீ.எப். 1980ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டம். இதற்கு நிர்வாகம் மட்டும் 3 வீதம் போட வேண்டும். நம் சம்பளத்தில் ஒரு சதமும் வெட்டக் கூடாது.

இதிலும் கணக்கைப் பாருங்கள். மாதம் 20 பேர், நாளுக்கு 1350 என்றால் 27,000 ரூபாய். அதில் நம்மிடம் வெட்டுவது 2,160. நிர்வாகம் போட வேண்டியது 3,240. ஈ.டீ.எப். 810. மொத்தம் 6,210 ரூபாய். ஒரு மாதம் கட்டாமல் விட்டால் இவ்வளவும் போகிறது. பத்து மாதம் விட்டால் 62,100. இதில் 8 வீதம் நம் கையில் கொடுத்திருக்க வேண்டிய நம் சம்பளம். பே சிலிப்பில் வெட்டியதாகக் காட்டிவிட்டு மத்திய வங்கிக்கு அனுப்பாமல் வைத்திருந்தால், அது நம் காசை எடுத்து வைத்திருப்பது. அதற்கு வேறு பெயர் இல்லை.

கைக்காசுக்கு வேலை செய்பவர்களுக்கு ஈ.பீ.எப். இல்லை என்று பல இடங்களில் சொல்கிறார்கள். அது சரியல்ல. நிரந்தரமோ, தற்காலிகமோ, நாட்கூலியோ, கிலோக் கணக்கோ, வேலை கொடுத்தவர் கட்டத்தான் வேண்டும்.

சரி, சட்டம் இருக்கிறது. பிறகு ஏன் தாமதமாகிறது? நாங்கள் பார்த்த காரணங்கள் நான்கு.

முதலாவது, வேலை முடிந்த நாள் எது என்பதற்கு எழுத்தில்லை. ஒரு தோட்டத்தில் ஒரு அம்மாவுக்கு வயது வந்துவிட்டது. "நாளையிலிருந்து உங்களுக்குப் பேர் இல்லை, கைக்காசுக்கு வாங்க" என்று மலையில் வாயால் சொன்னார்கள். அவரும் போனார். ஒரு வருடம் கழித்துச் சேவைக்காலப் பணம் கேட்டபோது, "நீங்கள் இன்னும் வேலைக்கு வருகிறீர்களே" என்றார்கள். 30 நாளை எந்த நாளிலிருந்து எண்ணுவது? எண்ணத் தொடங்கும் நாளே அவர் கையில் இல்லை.

இரண்டாவது, பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர். ஒன்றில் தகப்பன் பெயர் முன்னால், இன்னொன்றில் பின்னால். சிங்களத்தில் எழுதித் திரும்பத் தமிழில் எழுதும்போது முத்தாயி முத்தையா ஆகிவிடுகிறார். சிலருக்கு அடையாள அட்டை இலக்கமே ஈ.பீ.எப். பதிவில் இல்லை. இரண்டு மூன்று தோட்டத்தில் வேலை செய்தவருக்கு இரண்டு மூன்று அங்கத்துவ இலக்கம். இதையெல்லாம் அறுபது வயதில் திருத்தப் போனால் மாதக்கணக்கில் ஆகும்.

மூன்றாவது, கட்டாமல் விட்ட மாதங்கள். அது தெரியவருவதே பணம் எடுக்கப் போகும் நாளில்தான்.

நான்காவது, பயம். இதைச் சொல்லாமல் விடக் கூடாது. "மகன் இன்னும் தோட்டத்தில் வேலை செய்கிறான், லயத்துக் காம்பராவும் தோட்டத்துடையது, துரையோடு எதற்குப் பிரச்சினை" என்று வாயை மூடிக்கொள்கிறார்கள். அந்தப் பயத்தைக் குறை சொல்ல நமக்கு உரிமை இல்லை. ஆனால் தனி ஆளாகப் போய் நிற்கும்போதுதான் அந்தப் பயம். பத்துப் பேரின் கணக்கை ஒரே கடிதத்தில் சங்கம் கேட்டால், துரை யாருடைய மகனைப் பார்ப்பார்?

இனி என்ன செய்வது?

வேலை முடியும்போது ஓய்வுக் கடிதத்தை எழுத்தில் கேளுங்கள். திகதியும் துரையின் கையொப்பமும் அதில் இருக்க வேண்டும். தர மறுத்தால், "இந்தத் திகதியோடு என் சேவை முடிந்தது, என் சேவைக்காலப் பணத்தைத் தாருங்கள்" என்று நீங்களே எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பிரதி ஒன்றையும் தபால் துண்டையும் பத்திரமாக வையுங்கள். அந்தத் துண்டு சின்னதுதான். ஆனால் விசாரணையில் அதற்குப் பெரிய மதிப்பு உண்டு.

30 நாள் முடிந்தும் பணம் வராவிட்டால் 31ஆம் நாள் தொழில் திணைக்களத்தின் மாவட்டக் காரியாலயத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். அடையாள அட்டை, ஓய்வுக் கடிதம், இருக்கிற பே சிலிப்புகள், செக்ரோல் இலக்கம், ஈ.பீ.எப். இலக்கம் ஆகியவற்றின் பிரதிகளைக் கொண்டு போங்கள். மிகைக்கட்டணமும் வேண்டும் என்று முறைப்பாட்டிலேயே எழுதுங்கள். விசாரணைக்கு இரண்டு பக்கத்தையும் கூப்பிடுவார்கள். ஆணையாளர் கட்டளையிட்டும் நிர்வாகம் கொடுக்காவிட்டால் நீதவான் நீதிமன்றத்துக்குப் போய்த் தண்டப்பணம் போல அறவிடச் சட்டத்தில் இடமிருக்கிறது.

விசாரணைக்குப் போக பஸ் காசும், கூட வருபவரின் ஒரு நாள் பேரும் போகும். அதனால்தான் பாதிப் பேர் இரண்டாம் திகதிக்குப் போவதில்லை. போகாவிட்டால் முறைப்பாடு அப்படியே கிடக்கும். ஆகவே கமிட்டியில் ஒருவர் கட்டாயம் கூடப் போக வேண்டும். சந்தா வாங்கும் சங்கத்தின் வேலை இதுதான்.

தவணையாகத் தருகிறோம் என்பார்கள். மகளின் கல்யாணம், ஆஸ்பத்திரிச் செலவு, அடகில் இருக்கும் தோடு என்று கஷ்டத்தில் இருப்பவர் கிடைப்பதை வாங்கத்தான் செய்வார். வாங்குங்கள். ஆனால் மொத்தத் தொகை எவ்வளவு, ஒவ்வொரு தவணையும் எந்தத் திகதி என்று எழுத்தில் வாங்குங்கள். கையில் கிடைத்த தொகைக்கு மட்டும் கையொப்பம் வையுங்கள். "முழுப் பணமும் பெற்றுக்கொண்டேன்" என்ற தாளிலும், வெறும் தாளிலும் கையொப்பமோ கைநாட்டோ வைக்க வேண்டாம். வாசிக்கத் தெரியாவிட்டால் வெட்கப்பட ஒன்றுமில்லை. பாடசாலைக்குக் கொண்டு வாருங்கள், நாங்கள் வாசித்துச் சொல்கிறோம்.

ஈ.பீ.எப். எடுக்க ‘கே’ படிவம் நிரப்ப வேண்டும். ஆணுக்கு 55, பெண்ணுக்கு 50 வயதான பிறகு வேலையை விட்டால் எடுக்கலாம். கல்யாணத்துக்காக வேலையை விடும் பெண்ணுக்கு அந்த வயதுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஈ.டீ.எப். வேறு சபை, அதற்கு வேறு விண்ணப்பம். ஈ.பீ.எப். எடுத்ததோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்து இதை மறந்துவிடுகிறார்கள். மறக்காதீர்கள்.

விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது என்று அரச காரியாலயம் சொல்லாவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். தகவல் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்ய வேண்டும். தமிழில் எழுதுங்கள், தமிழில் பதில் கேளுங்கள். 1987இல் வந்த 13ஆம் திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. யாருடைய தயவும் இதற்குத் தேவையில்லை.

"நான் எடுத்துத் தருகிறேன், பத்து வீதம் கொடு" என்று வரும் தரகரிடம் அடையாள அட்டையையோ வங்கிப் புத்தகத்தையோ கொடுக்காதீர்கள். வங்கி அட்டையைக் கடைக்காரரிடம் அடகு வைத்துவிட்டுப் பணம் வந்த செய்தியே தெரியாமல் இருந்தவர்களும் நம்மிடையே உண்டு.

கடைசியாக, இன்று இந்த மண்டபத்தை விட்டுப் போகும்போது ஒவ்வொரு கமிட்டியும் மூன்று வேலையை எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

ஒன்று, உங்கள் டிவிசனில் ஓய்வு பெற்றும் பணம் கிடைக்காதவர்களின் பட்டியல். பெயர், வேலை முடிந்த திகதி, சேவை வருடம், கிடைத்தது, கிடைக்காதது எல்லாம் அதில் இருக்க வேண்டும். இறந்தவர்களை விட்டுவிடாதீர்கள். அவர்களின் வாரிசுகளுக்கும் அந்தப் பணம் உண்டு.

இரண்டு, இன்னும் ஐந்து வருடத்தில் ஓய்வு பெறப் போகிறவர்களின் பட்டியல். அவர்களின் அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் ஈ.பீ.எப். பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பெயர் ஒத்துப்போகாவிட்டால் இப்போதே திருத்துங்கள். பின்னுரித்தாளர் பெயரையும் பாருங்கள். செத்துப்போன மாமியாரின் பெயர் அப்படியே இருக்கக்கூடும்.

மூன்று, இளம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியது. சம்பள நாளில் பே சிலிப்பை மடித்துத் தூக்கிப் போடாதீர்கள். பழைய பிஸ்கட் டின் ஒன்றில் போட்டு வையுங்கள். மத்திய வங்கியின் நிலுவைக் கூற்றோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள். விட்டுப்போன மாதத்தை அடுத்த மாதமே கேட்டால் கேட்பது சுலபம். முப்பது வருடம் கழித்துக் கேட்டால் பதில் சொல்ல அந்தக் கிளாக்கரும் இருக்கமாட்டார், அந்தக் கம்பெனியும் இருக்குமோ என்னவோ.

பட்டியல்களை அடுத்த சம்பள நாளுக்குள் சங்கக் காரியாலயத்தில் சேருங்கள். தோட்டம் தோட்டமாகக் கடிதம் போடுவோம். 30 நாள் எண்ணுவோம். 31ஆம் நாள் சேர்ந்தே போவோம்.