எண்ணிமப் பணப்பையும் அரசின் கண்ணும்



வரவு செலவு எழுதிப் பழகிய இந்த அவைக்கு ஏற்ற பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஒருவர் தம் பணப்பையில் வைத்திருப்பதை அரசு எந்த அளவுக்குப் பார்க்கலாம்? இக்கேள்வி 2020ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க மக்கள் முன் வைக்கப்பட்டது.

பிட்காயின் போன்ற எண்ணிமப் பணத்தைச் சிலர் பரிமாற்ற நிறுவனங்களிடம் ஒப்படைத்து வைக்கின்றனர். வேறு சிலர் சாவி தம்மிடமே இருக்குமாறு தனிப் பணப்பையில் வைத்துக்கொள்கின்றனர். இத்தகைய தனிப் பைகளோடு வங்கியோ பரிமாற்ற நிறுவனமோ 10,000 டாலருக்கு மேல் கொடுக்கல் வாங்கல் செய்தால் அரசுக்கு அறிக்கை தர வேண்டும்; 3,000 டாலரைத் தாண்டினால் மறுபுறத்தாரின் பெயரையும் முகவரியையும் பதிந்து வைக்க வேண்டும். அந்நாட்டுக் கருவூலத் துறையைச் சேர்ந்த ஃபின்சென் அமைப்பு டிசம்பர் 18 அன்று முன்மொழிந்த விதி இது. கருத்துரைக்கத் தந்த காலமோ வெறும் 15 நாள். அதற்குள் கிறிஸ்துமஸும் புத்தாண்டும் வேறு. அப்படியிருந்தும் 7,000க்கும் மேற்பட்ட கருத்துரைகள் வந்து குவிந்தன.

ரொக்கமாக 10,000 டாலருக்கு மேல் கைமாறினால் வங்கி அறிவிக்க வேண்டும் என்பது 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த பழைய நடைமுறை. எண்ணிமப் பணத்துக்கு மட்டும் விலக்கு ஏன் என்று அரசு கேட்பதில் நியாயம் உண்டு. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. மதுரைச் சங்க மண்டபத்தில் பாண்டியன் தொங்கவிட்ட பொற்கிழியை நினைத்துக்கொள்ளுங்கள். அதை ஊரே கண்டது. உள்ளே ஆயிரம் பொன் என்பதையும் அறிந்தது. எவருக்கு உரியது என்பது மட்டும் தெரியவில்லை. (பாவம், தருமிக்கும் அது உறுதியாகத் தெரியவில்லை!) பிட்காயின் பேரேடும் அத்தகையதே. ஒவ்வொரு பரிமாற்றமும் உலகத்தார் கண்முன் கிடக்கிறது; பெயர்தான் இல்லை. ஒருமுறை பெயரை ஒட்டிவிட்டால், அந்தப் பண முகவரியில் முன்பு நடந்தவையும் இனி நடப்பவையும் அவர் தலைமேல் எழுதப்பட்டுவிடும். ரொக்க அறிக்கைக்கு இவ்வளவு நீண்ட கை கிடையாது. எதிர்த்து எழுதியோர் வாதங்களுள் வலுவானது இதுவே என்பது என் கருத்து.

ஆனால் எழுதாதவர்களையும் எண்ண வேண்டும். 2021 மே மாதத்தில் கலோனியல் பைப்லைன் நிறுவனத்தின் கணினிகளை முடக்கியவர்கள் 75 பிட்காயின் பறித்தனர். எரிபொருளுக்கு வரிசையில் நின்ற மக்கள் எந்தக் கருத்துரைப் பட்டியலிலும் இல்லை. அடுத்த மாதமே புலனாய்வாளர்கள் 63.7 பிட்காயினை மீட்டனர். அதற்குத் துணைநின்றது அதே திறந்த பேரேடு. முன்மொழிந்த விதி அப்போது நடைமுறைக்கு வந்திருக்கவே இல்லை.

ஆகவே பெயர் பரிமாற்ற நிறுவனத்திடமே இருக்கட்டும், நீதிமன்ற ஆணையோடு வருவோருக்குத் தரட்டும் என்பேன். ஃபின்சென் அமைப்பும் கருத்துரைகளைப் புறந்தள்ளிவிடவில்லை. 2021 ஜனவரியில் காலத்தை மீண்டும் திறந்தபோது, தொகை பற்றிய அறிக்கைக்கு 15 நாளும், மறுபுறத்தாரின் பெயர், முகவரி பற்றிய பகுதிக்கு 45 நாளும் அளித்தது.