வருகைப் பதிவேட்டின் ஒற்றைக் கோடு

(அறக்கட்டளைச் சொற்பொழிவு)



ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர் ஒருவரின் நினைவைப் போற்றும்பொருட்டு அவருடைய மக்களும் மாணாக்கர்களும் சேர்ந்து நிறுவிய இவ்வறக்கட்டளையின் சார்பில் இவ்வாண்டு பேசவேண்டும் என்று என்னைப் பணித்தபோது, புலவர்களும் பேராசிரியர்களும் நின்று பேசிய இம்மேடையில், எழுத்தறிவித்தலையே பிழைப்பாகக் கொண்டு பள்ளிக்குப் பள்ளி மாறிக்கொண்டிருந்த என்போன்ற ஒருவன் சொல்லத்தக்கது யாது என்று சில நாள் ஆலோசித்தேன். கல்வித் தத்துவம் பேச அறிஞர்கள் இருக்கிறார்கள். பாடத்திட்டத்தை ஆராயக் குழுக்கள் இருக்கின்றன. ஆனால் எய்டட் பள்ளியாயினும், லேபர் இலாகாப் பள்ளியாயினும், முனிசிபாலிட்டிப் பள்ளியாயினும், ஜில்லா போர்டு உயர்நிலைப் பள்ளியாயினும், காலையில் மணி அடித்தவுடன் ஆசிரியன் கைக்கு முதலில் வந்த பொருள் வருகைப் பதிவேடு ஒன்றுதான். அதை அன்றாடம் நிரப்புகிறவர்கள் பலர்; அதைப் படிக்கிறவர்கள் சிலரே. அதைப் படித்து நான் அறிந்துகொண்டவற்றையே இன்று உங்கள்முன் வைக்கிறேன்.

ஆசிரியர் அல்லாதார்க்காக ஒரு சிறு விளக்கம். காலையில் வந்த பிள்ளையின் பெயருக்கு நேரே சாய்வாக ஒரு கோடு போடுவோம். பிற்பகலிலும் அவன் வந்தால் அதன்மேல் எதிர்ச்சாய்வாக மற்றொரு கோடு விழும். இரண்டும் சேர்ந்தால் பெருக்கற்குறி. அவன் அன்று முழுநாளும் பள்ளியில் இருந்தான் என்பது பொருள். மாத முடிவில் எல்லாவற்றையும் கூட்டி, வேலை நாட்களால் வகுத்துச் சராசரி கண்டு மேலிடத்துக்கு அனுப்பிவிடுவோம். அந்தச் சராசரிக்குள் அடங்கிப்போகிற ஒற்றைக் கோடுகளே என் பேச்சுக்கு விஷயம்.

திண்ணையும் கடிகாரமும்

சென்னை இராஜதானியின் கவர்னராக இருந்த ஸர் தாமஸ் மன்றோ, 1822 ஆம் ஆண்டில் கலெக்டர்களைக் கொண்டு நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுப்பித்து, 1826 இல் எழுதிவைத்த குறிப்பின்படி, இங்கே 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணாக்கர்களும் இருந்தனர். ஏறக்குறைய ஆயிரம் பேருக்கு ஒரு பள்ளி என்பது சிறுமைக்குரிய கணக்கன்று. தமிழ்நாட்டில் அவை பெரும்பாலும் திண்ணைப் பள்ளிகளே. திண்ணைப் பள்ளியின் காலம் கிராமத்தின் காலமாகவே இருந்தது: பொழுது விடியும்போதே தொடங்கும், பிள்ளைகள் பழையது உண்ணப் போய் மீள்வார்கள், அமாவாசை, பௌர்ணமி ஆகிய உவா நாட்களில் விடுமுறை, அறுவடை முடிந்ததும் உபாத்தியாயர் வீட்டுக்கு நெல் வரும். மணலில் விரலால் எழுதும் வழக்கத்தைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார், எழும்பூர் அனாதைச் சிறுவர் விடுதியில் அதனைக் கைக்கொண்டு, நம் சட்டாம்பிள்ளையைப் போல மூத்த மாணாக்கனைக் கொண்டே இளையவர்க்குக் கற்பிக்கும் முறையையும் நடத்திப் பார்த்து, 1797 இல் இலண்டனில் நூலாக வெளியிட்டு, அதனை இங்கிலாந்து முழுவதும் பரவச் செய்தார் என்பதும் நாம் அறிந்ததே.

ஆயினும் மன்றோவின் கணக்கில் பெண்கள் 4,540 பேர்தாம்; சேரிப் பிள்ளைகள் அத்திண்ணைகளில் ஏறுவதற்குப் பெரும்பாலும் வழியில்லை. கிராமத்தின் காலத்தோடு இணங்கி நடந்த அந்தப் பள்ளி, கிராமத்தின் கட்டுப்பாடுகளோடும் இணங்கியே நடந்தது. 1854 ஆம் ஆண்டு ஸர் சார்லஸ் வுட் விடுத்த கல்விச் சாசனத்துக்குப் பின் மானிய முறை வந்து, மிஷன்களும் தனியாரும் பிறகு ஸ்தல ஸ்தாபனங்களும் பள்ளிகளை நடத்தத் தொடங்கியபோது, யாரும் வரலாம் என்று கதவு மெல்ல மெல்லத் திறந்தது. அத்துடன் சுவரில் கடிகாரமும் மாட்டப்பட்டது. திண்ணை, பிள்ளையின் நேரத்தை அறிந்திருந்தும் எல்லாப் பிள்ளைகளையும் ஏற்கவில்லை. புதிய பள்ளி எல்லாரையும் ஏற்க முன்வந்தும் பிள்ளையின் நேரத்தை அறியவில்லை. நான் பணியாற்றிய ஒவ்வொரு பள்ளியிலும் இந்த இரண்டு குறைகளுக்கும் நடுவே அகப்பட்டுக்கொண்ட பிள்ளைகளையே கண்டேன்.

மானியம் பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வருகையையும் பார்த்து வந்தமையால் விளைந்த வேடிக்கைகளும் உண்டு. என் இளமையில் நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில், டெபுடி இன்ஸ்பெக்டர் வரும் நாளன்று, ஐந்தாம் வகுப்பை எப்போதோ முடித்துவிட்டு ஏர் பூட்டிக்கொண்டிருந்த வாலிபர்கள் நான்காம் வகுப்பின் கடைசி வரிசையில் வந்து அடக்கமாக உட்காருவார்கள். மீசை அரும்பிய ஒருவனை அவர் வயது கேட்க, அவன் எழுந்து கைகட்டி நின்று, “ஒன்பது ஸார்” என்றான். அவர் சிரித்துக்கொண்டே, “பரவாயில்லை, அடுத்த வருஷமாவது பத்து ஆகட்டும்” என்று சொல்லிக் கையெழுத்திட்டுப் போனார்.

பாசனக் கிராமத்தில்

காவிரிப் பாசனத்தில் கிராமப் பள்ளி ஒன்றில் நான் இருந்தபோது, பதிவேட்டை மாதவாரியாகப் புரட்டினால் பஞ்சாங்கம் பார்க்கவேண்டிய அவசியமே நேராது. ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கினால், நடவுக்குப் போகும் தாய்க்கு மாற்றாக மூத்த பெண் தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு வீட்டில் நின்றுவிடுவாள். சம்பா நடவில் மறுபடியும் அதே பெயருக்கு நேரே வெற்றிடம். தை மாதத்து அறுவடையில் குடும்பம் முழுவதும் வயலில் இருக்க, சிறுவர்கள் உதிர்ந்த கதிர் பொறுக்கப் போவார்கள். இவையெல்லாம் காரணம் வெளிப்படையான வராமைகள்.

எனக்கு விளங்காதிருந்தது ஒற்றைக் கோடு. காலையில் குளித்துத் திருநீறிட்டு வந்து உட்கார்ந்து வாய்ப்பாடு ஒப்பிக்கும் பிள்ளை, பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குப் போனால் பிற்பகலில் வருவதில்லை. மறுநாள் காலையில் ஒன்றும் நடவாததுபோல் வந்துவிடுவான். அப்படிப்பட்ட பெயர்களை ஒரு தாளில் தனியே எழுதிப் பார்த்தேன். பெரும்பாலானவை ஒரே தெருவைச் சேர்ந்தவையாக இருந்தன. ஒரு நாள் மத்தியான வேளையில் அந்தத் தெரு வழியே நடந்தேன். எந்தக் கூரையிலும் புகையில்லை. கூலியாக அளக்கும் நெல்லைத் தாய் முந்தானையில் முடிந்துகொண்டு அந்தியில் வந்து, அதைக் குத்திப் புடைத்து உலையில் இட்டால்தான் அவ்வீடுகளில் அடுப்பு எரியும். பகலில் வெறும் வயிற்றோடு வீடு திரும்பிய பிள்ளை, வாய்க்காலில் நண்டு பிடிக்கப் போகாமல் பள்ளியில் வந்து நதிகளின் பெயர்களை ஒப்பிப்பான் என்று எதிர்பார்ப்பது எந்த சாஸ்திரத்திலும் இல்லை. அவனை ‘மட்டம் போடுகிறவன்’ என்று ஏசிக்கொண்டிருந்த சக உபாத்தியாயர்களுக்கு இதை நான் எடுத்துச் சொன்னபோது, அவர்கள் வாதாடவில்லை. பிரம்பைச் சில நாள் உள்ளே வைத்தார்கள்.

அதே வட்டாரத்தில் லேபர் இலாகாப் பள்ளிகள் என்று வழங்கி, பின்னர் ஹரிஜன நல இலாகாவின்கீழ் வந்த பள்ளிகளில் ஒன்றில் நான் இருந்தபோது, ஒற்றைக் கோடுகூட அரிதாயிற்று. அங்கே பையன் எட்டு வயதில் மிராசுதாரின் மாட்டுக்குப் போய்விடுவான். தகப்பன் பட்ட கடனுக்கு அவன் உழைப்பும் ஒரு பங்கு. 1952 இல் தஞ்சாவூர் ஜில்லாவின் குத்தகைதாரர்களுக்கும் பண்ணையாட்களுக்கும் பாதுகாப்பளிக்கும் சட்டம் வந்தபோது, பத்திரிகைகள் அதை நிலச் சம்பந்தமான செய்தியாகவே பிரசுரித்தன. எனக்கு அது கல்விச் செய்தியாகவும் பட்டது. தகப்பன் கால் ஊன்றி நிற்க இடமிருந்தாலன்றிப் பையன் பலகையில் உட்கார இயலாது.

தறிக்குழி ஓரத்தில்

பட்டு நெசவுக்குப் பேர்பெற்ற காஞ்சிபுரத்தில் சில ஆண்டுகள் இருந்தேன். அங்கே நெசவாளர் வீடுகளுக்கு நடவும் இல்லை, அறுவடையும் இல்லை. வருகை மட்டும் அலைபோல் ஏறி இறங்கியது. கோர்வைச் சேலையில் உடல் வேறு நிறமாகவும் கரை வேறு நிறமாகவும் இருப்பதால், கரை நூலை உடலோடு கோத்து வாங்குவதற்கு நெசவாளியின் பக்கத்தில் மற்றொரு கை வேண்டும். அந்தக் கை பெரும்பாலும் சிறுவனுடைய கை, கூலியில்லாத கை. பாவு தீர்ந்து, புதிய பாவு பிணைத்துத் தறி ஓடத் தொடங்கும்வரை உள்ள இடைவெளியில் பையன் பள்ளிக்கு ஓடி வருவான். தறி ஓடத் தொடங்கியதும் அவன் பெயருக்கு நேரே வெற்றிடம் தொடரும். முகூர்த்த மாதங்கள் நெருங்கினால் வகுப்பில் பாதிப் பலகைகள் காலியாகும். அப்பையன்களோ மந்தபுத்தியுள்ளவர்கள் அல்லர். இழைகளை எண்ணிப் பழகிய விரலால் அவர்கள் மனக்கணக்குப் போடும் வேகத்தைப் பார்த்தால், ஆசிரியன் கரும்பலகைக்குப் பின்னால் ஒதுங்கி நிற்க வேண்டியதுதான்.

உயர்நிலைப் பள்ளியில்

ஜில்லா போர்டு உயர்நிலைப் பள்ளிக்கு வந்தபோது வராமையின் காரணம் வேறு உருவெடுத்தது. அங்கே பசியைக் காட்டிலும் சம்பளமே பையனை வெளியே நிறுத்தியது. பிள்ளைகள் செலுத்தும் கட்டணத்தையே அக்காலத்தில் சம்பளம் என்போம். கெடு தாண்டினால் பெயரை அடித்துவிட வேண்டும் என்பது விதி. எஸ்.எஸ்.எல்.சி. வகுப்புக்கு ஐந்தாறு மைல் நடந்து வந்த பையன் ஒருவன், பெயர் அடிபட்ட பிறகும் புத்தகப் பையுடன் வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, ஜன்னல் வழியே பாடம் கேட்டுக் குறிப்பெழுதிக்கொண்டிருந்ததைக் கண்டு, தலைமையாசிரியர் தம் சட்டைப்பையிலிருந்தே பணம் கட்டி அவனை உள்ளே அழைத்துக்கொண்டார். அந்த வருஷம் அவன் தேறினான் என்பதும் பதிவேட்டில் இருக்கிறது. தலைமையாசிரியர் கட்டிய பணம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை.

பெண் குழந்தைகளின் பெயர்கள் வேறு விதமாக மறைந்தன. எட்டாம் வகுப்பில் ஒரு நாள் வராமற்போகும் பெண், பிறகு வருவதேயில்லை. நீக்கத்துக்குரிய காரணப் பகுதியில் ‘குடும்ப நிலை’ என்று நாங்கள் எழுதிவிடுவோம். உண்மைக் காரணம் ஊரறிந்தது. அப்பள்ளிக்கு முதன்முதலாக ஓர் ஆசிரியை வந்து, பூப்புச் சடங்கு முடிந்த வீடுகளுக்குத் தாமே நேரில் சென்று தாய்மாரோடு திண்ணையில் உட்கார்ந்து பேசத் தொடங்கிய பிறகு, ‘குடும்ப நிலை’ வெகுவாகக் குறைந்தது.

சட்டங்களும் சோறும்

இந்நாட்டில் கட்டாயக் கல்வி வேண்டும் என்று கோபாலகிருஷ்ண கோகலே 1911 இல் மசோதா கொண்டுவந்தார், அது நிறைவேறவில்லை. சென்னையில் 1920 இல் ஆரம்பக் கல்விச் சட்டம் வந்தது. முதல் வகுப்பில் சேர்ந்தவர்களில் பெரும்பகுதியினர் நான்காம் வகுப்பை எட்டாமலே நின்றுவிடுகிறார்கள் என்று 1929 இல், கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழு எடுத்துக் காட்டியது. பதினான்கு வயது வரையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுக்குள் அளிக்க முயலவேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 45 ஆம் பிரிவு கூறிற்று.

1953 இல் சென்னை இராஜ்யத்தில் வந்த ஆரம்பக் கல்வித் திட்டத்தைப் பற்றி இன்றும் காரசாரமான அபிப்பிராயங்கள் உள்ளன. பள்ளி நேரத்தை மூன்று மணியாகக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளை தகப்பனாரிடமோ ஊரிலோ தொழில் பழகலாம் என்றது அது. பிள்ளையின் நேரத்தை எண்ணிப் பார்த்தது என்ற அளவில் அதில் ஒரு நியாயம் உண்டு. ஆயினும் மாட்டுக்காரப் பையனுக்கும் தறிக்குழிப் பையனுக்கும் தகப்பனிடம் கற்க எஞ்சியிருந்தது ஒன்றுமில்லை. அவன் அதை ஏற்கெனவே முழுநாளும் கற்றுக்கொண்டுதான் இருந்தான். அவனுக்கு வேண்டியிருந்தது அதிலிருந்து சற்று விடுதலை. திண்ணைப் பள்ளியின் நன்மையோடு அதன் தீமையும் சேர்ந்து திரும்பிவிடும் என்று மக்கள் அஞ்சினார்கள். 1954 இல் காமராஜ் முதலமைச்சரானபின் அத்திட்டம் கைவிடப்பட்டது.

பிறகு 1956 இல் மதிய உணவு வந்தது. சென்னை மாநகராட்சி 1920 லேயே, பிட்டி தியாகராய செட்டியார் தலைவராக இருந்த காலத்தில், ஆயிரம்விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி அளித்துப் பார்த்ததுண்டு. 1956 இல் அது மாநிலம் முழுவதற்குமாக, ஊர்மக்களும் அரசும் செலவைப் பகிர்ந்துகொள்ள, கல்வித்துறைத் தலைவர் நெ. து. சுந்தரவடிவேலு அவர்களின் ஊக்கத்தால் ஊர் ஊராகப் பரவியது. அப்போது நான் ஒரு கிராமப் பள்ளிக்குத் தலைமை வகித்தேன். ஒரு வீட்டார் அரிசி தந்தார்கள். ஒரு வீட்டார் விறகு தந்தார்கள். கொடுக்க ஒன்றுமில்லாத கிழவி கொல்லையிலிருந்து முருங்கைக் கீரை கொண்டுவந்து போட்டாள். அம்மாதப் பதிவேட்டை நான் மூடிவைக்க மனமின்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்: ஒற்றைக் கோடுகளின்மேல் ஒவ்வொன்றாக இரண்டாவது கோடு விழுந்திருந்தது. பிரம்பும், அபராதமும், கட்டாயச் சட்டமும் போட முடியாத கோட்டைச் சோறு போட்டது. கதவையும் திறந்து, பிள்ளையின் பொழுதையும் அறிந்து நடந்த முதற்காரியம் அதுவே என்பது என் துணிபு.

இளம் ஆசிரியர்களுக்கும் அறக்கட்டளையாருக்கும்

இளம் ஆசிரியர்களே, சராசரி கண்டு அனுப்புவது அலுவலகத்துக்குச் செய்யும் கடமை. அனுப்பியபின் பதிவேட்டை மறுபடியும் விரித்து, யார் எந்த வேளையில் வரவில்லை என்று பார்ப்பது பிள்ளைக்குச் செய்யும் கடமை. காரணத்தைப் பிள்ளையிடம் கேட்பதைவிட அவன் தெருவில் போய்ப் பாருங்கள். நீங்கள் காணும் காரணங்களில் பாதியை உங்களால் நீக்க முடியாது. அவற்றை நீக்கவல்லார் காதில் போடவாவது முடியும். மதிய உணவும், இலவசச் சீருடையும், சம்பளமில்லாப் படிப்பும் யாரோ ஒருவர் தெருவில் நடந்து கண்டு சொன்னவற்றிலிருந்து தோன்றியவையே.

அறக்கட்டளைக் குழுவினருக்கு ஒரு விண்ணப்பம். ஆண்டுதோறும் இந்நிதியின் வட்டியிலிருந்து முதல் மதிப்பெண் பெறும் மாணாக்கனுக்குப் பதக்கம் வழங்கி வருகிறீர்கள். அது சிறப்பே, தொடர்க. அதனோடு, பெயர் நீக்கப்பட்டுப் பின்னர் மறுபடியும் பள்ளியில் சேர்ந்து ஓராண்டு நிலைத்திருக்கும் ஒரு பிள்ளைக்கும் ஒரு பரிசு ஏற்படுத்துங்கள். பதக்கமாக வேண்டாம், அடுத்த வகுப்பின் புத்தகங்களாக இருக்கட்டும். இன்று எனக்கு அளிக்க எண்ணியுள்ள சன்மானத்தை அப்பரிசுக்கு முதல் தொகையாக ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.