அசல் டிராயிங்கும் ரிவிஷனும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



எஞ்சினியரை மேடையேற்றினால் வேலைவாய்ப்பைப் பற்றித்தான் பேசுவான் என்று நினைத்திருப்பீர்கள். அதை எனக்கு முன்னால் பேசியவர்களே நன்றாகச் சொல்லிவிட்டார்கள். நான் இசைஞானி இளையராஜா சினிமாவுக்கு வெளியே செய்த வேலையைப் பற்றிக் கொஞ்சம் பேசுகிறேன்.

1976-இல் 'அன்னக்கிளி'. அதற்கப்புறம் மூச்சுவிட நேரமில்லாத பத்து வருஷம். அந்த நெருக்கடிக்கு நடுவிலேயே 1986-இல் 'ஹவ் டு நேம் இட்' என்ற தனித் தொகுப்பைத் தந்தார். பத்து உருப்படிகள். ஹீரோ இல்லை, சிச்சுவேஷன் இல்லை. தியாகராஜருக்கும் ஜெர்மன் மேதை பாஹுக்கும் காணிக்கை. அதிலே 'ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்' என்று ஒன்று. பாஹ் தனி வயலினுக்கு எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டாவின் முகப்பு ஓடிக்கொண்டிருக்க, கூடவே நம்ம ஊர் வயலின் பேசும். பெரியவர் வீட்டுக்கு வந்தார், திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம் என்கிற மாதிரி! வாசித்தவர் வி.எஸ்.நரசிம்மன். பாலு மகேந்திரா தன் 'வீடு' படத்துக்கு இந்த இசையையே எடுத்துக்கொண்டார். 1988-இல் 'நத்திங் பட் விண்ட்'. புல்லாங்குழல் ஹரிபிரசாத் சௌராசியா.

இனி ரீமிக்ஸுக்கு வருவோம். 'அடுத்த வாரிசு' படத்தின் 'ஆசை நூறு வகை'யை 2003-இல் 'குறும்பு' படத்துக்காக ரீமிக்ஸ் செய்தவர் அவர் மகன் யுவன். அதே வருஷம் அமெரிக்காவின் பிளாக் ஐட் பீஸ் குழு 'ஸ்ரீ ராகவேந்திரர்' பாட்டு ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டது. 2007-இல் ஈழத்து வேர் கொண்ட லண்டன் பாடகி எம்.ஐ.ஏ., 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு'வை எடுத்தார். நைஜீரியாவின் ஆஃப்ரோபீட் டிரம்மர் டோனி ஆலன் (1940-2020) தனியாகச் செய்த ஆல்பத்தையும் இப்படித்தான் பல நாட்டு இளைஞர்கள் பிரித்துப் போட்டுப் புதிதாகக் கோத்தார்கள்.

இது தப்பா? தப்பில்லை என்பது என் கட்சி. ரீமிக்ஸில் ஆடிவிட்டு அசலைத் தேடிப் போன பிள்ளைகள் இங்கேயே பலபேர் இருப்பீர்கள்.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கிற நம்ம ஆட்களுக்கு இது உடனே புரியும். ஒரு மெஷின் டிராயிங்கை எத்தனை தடவை வேண்டுமானாலும் திருத்தலாம். ரிவிஷன் ஏ, பி, சி என்று ஓரத்தில் ஏறிக்கொண்டே போகும். ஆனால் முதலில் வரைந்தவர் பெயரை யாரும் அழிப்பதில்லை. ஏன்? நாளைக்கு ஒரு சந்தேகம் வந்தால் அசலுக்குத்தான் திரும்பிப் போகணும். பெயர் போச்சென்றால் வழியும் போச்சு. பாட்டு பொது, பெயரெதற்கு என்பார்கள். கேட்பதற்குப் பொது, சரி. உழைத்தவன் பெயர் பொதுவில் கரைந்துவிடலாமா? இசையமைப்பாளர் பெயராவது தப்பித்துவிடும். வயலின் வாசித்தவர், டிரம்ஸ் தட்டியவர் பெயர்தான் முதலில் காணாமல் போகும். ஷாப் ஃப்ளோரிலும் அதே கதைதானே!

2025 மார்ச் 8-ஆம் தேதி, 81 வயதில், லண்டனில் தன் 'வேலியண்ட்' சிம்பொனியை அரங்கேற்றினார் அவர். இந்த வயதிலும் புது டிராயிங் போடுகிறார். நாம் ரிவிஷனோடு நின்றுவிடலாமா?

தம்பி தங்கைகளுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த கல்ச்சுரல்ஸில் தாராளமாக ரீமிக்ஸ் போடுங்கள், ஆடுங்கள். போடுவதற்கு முன் மைக்கில் அசல் பாட்டு எது, இசை யார், வாசித்தவர் யார் என்று தெரிந்தவரை சொல்லுங்கள். அரை நிமிஷ வேலை. அன்றிரவே 'ஹவ் டு நேம் இட்'டை முதலிலிருந்து கடைசிவரை ஒருமுறை கேளுங்கள்.