தெபொராள் என்ற பெயர்

(தாம்பரத்தில் ஒரு பெண் குழந்தையின் பெயர் சூட்டு விழாவில் பேசியது)



பெயர் வைக்க வந்த இடத்தில் பிரசங்கம் எதற்கு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் இந்த வீட்டில் பதினைந்து நாளாகப் பெயருக்காக நடந்த வழக்கு, கோர்ட்டு வழக்குக்குக் குறைந்ததல்ல. குழந்தையின் தகப்பனார் நமது இயக்கத் தோழர். தாயார் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். தாயைப் பெற்ற பாட்டியம்மாள் 'தெபொராள்' என்று வைக்க வேண்டும் என்கிறார். தகப்பனாரோ, "அது வேதப் புஸ்தகப் பெயர், அதிலும் கிழட்டுப் பெயர், பள்ளிக்கூடத்தில் கேலி செய்வார்கள்" என்கிறார். சித்தப்பாவோ, "அந்தப் பெயர் வைத்தால் ஜாதி சர்ட்டிபிகேட் கிடைக்காது" என்கிறார். கடைசியில், "நீங்கள் பகுத்தறிவுக்காரர் ஆயிற்றே, உங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். ஆகவே சொல்லுகிறேன்.

முதலாவது, எந்தப் பெயரிலும் புனிதம் என்று ஒன்றும் இல்லை. எபிரேய பாஷையில் தெபொராள் என்றால் தேனீ. ராகேல் என்றால் பெண் ஆடு. தாமார் என்றால் பேரீச்ச மரம். ஆடு மேய்த்துப் பிழைத்த ஜனங்கள் கண்ணால் கண்டதைப் பிள்ளைக்குப் பெயராக வைத்தார்கள். நம் கிராமத்தில் மயிலம்மாள், கிளியம்மாள் என்று வைக்கவில்லையா? அதைப் போலத்தான் இதுவும். இதில் தெய்வீகம் எங்கிருந்து வந்தது?

அந்நியப் பெயர் என்பதும் முழு வாஸ்தவமல்ல. அங்கே தெபோரா, இங்கே வந்ததும் அம்மாள், பொன்னாள் என்பதுபோல் ஒரு 'ள்' சேர்த்துக்கொண்டு தெபொராள் ஆகிவிட்டது. சாரா சாராள் ஆனதும் அப்படியே. பக்கத்துப் பரங்கிமலைப் பக்கம் போனால் பேதுரு இராயப்பராகவும், யோசேப்பு சூசையாகவும் இருக்கக் காணலாம். பழைய பெயர் என்பதும் ஒரு குற்றமா? இன்று நாகரிகம் என்று வைக்கிற பெயர்களில் பலவற்றுக்கு அர்த்தம் கேட்டால், வைத்த தகப்பனே விழிக்கிறான். அர்த்தம் தெரியாத புதுமையைவிட அர்த்தம் தெரிந்த பழமை மோசமல்ல. மாற்ற வேண்டுமென்று புத்திக்குப் பட்டால் மாற்றலாம். நம் பல்லாவரத்தில் வாழ்ந்த மறைமலையடிகள் வேதாசலம் என்ற தம் பெயரையே தமிழாக்கிக் கொள்ளவில்லையா? ஆனால் காரணத்தோடு மாற்றினார். கேலிக்குப் பயந்து மாற்றவில்லை.

நிற்க, பாட்டியம்மாள் ஏன் பிடிவாதம் செய்கிறார் என்று இத்தனை நாளாக ஒருவரும் கேட்கவில்லை. நேற்று நான் கேட்டேன். அவர் சொன்னது இது: அவருடைய பாட்டி வீட்டுக்கு நான்காவது பெண்ணாகப் பிறந்தாளாம். பெற்றவர்கள் 'வேண்டாம்' என்று பெயர் வைத்துவிட்டார்களாம். தோழர்களே! இது கதையல்ல. 'வேண்டாம்', 'போதும்பொண்ணு' என்று பெயர் வைத்தால் அடுத்தது ஆணாகப் பிறக்கும் என்ற மூடநம்பிக்கை நம் வட ஜில்லாக்களில் வெகு நாளாக உண்டு. தினமும் தன்னைப் பார்த்து 'வேண்டாம், வேண்டாம்' என்று ஊர் கூப்பிட, ஒரு பெண் எப்படி வளருவாள்? அந்தப் பெண் மிஷன் பள்ளிக்கூடம் போனாள். அங்கே உபாத்தியாயினி அந்தப் பெயரை அடித்துவிட்டுத் தெபொராள் என்று எழுதினாள். அந்தத் தெருவில் முதன்முதல் கையெழுத்துப் போட்ட பெண் அவள்தானாம். 'வேண்டாம்' என்று கூப்பிட்டவர்கள் பிறகு கடிதத்தை எடுத்துக்கொண்டு, படித்துக் காட்டச் சொல்லி அவள் வாசலில் வந்து நின்றார்களாம்.

இப்போது சொல்லுங்கள்: இது மதப் பெயரா, சுயமரியாதைப் பெயரா?

ஆனால் பாதிரிமார்களை மெச்சிப் பேசுகிறேன் என்று யாரும் சந்தோஷப்பட வேண்டாம். பெயர் மாறிற்று, ஜாதி மாறிற்றா? நீலகண்டர் என்பவர் 1745-ல் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பெயர் போயிற்று, பின்னால் இருந்த 'பிள்ளை' போகவில்லை. 2022 மே 15-ல் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கும்போதுதான், பலர் எழுதிக் கேட்டுக்கொண்ட பிறகு, அந்த வாலை நீக்கினார்கள். இங்கிருந்து இருபது மைலில் உள்ள செங்கற்பட்டில் 1929 பிப்ரவரியில் கூடிய சுயமரியாதை மகாநாடு ஜாதிப் பட்டத்தை விடும்படி தீர்மானம் செய்தது. திருச்சியிலோ கல்லறைத் தோட்டத்திலேயே ஜாதிக்குச் சுவர் வைத்தார்கள். செத்த பிணத்துக்குமா தீட்டு?

இனி சித்தப்பாவின் பயத்துக்கு வருவோம். அதைப் பொய்யென்று நான் தள்ள மாட்டேன். 1950-ம் வருஷத்து உத்தரவுப்படி, தாழ்த்தப்பட்டோர் என்ற சலுகை இந்துக்களுக்கே என்று ஆயிற்று. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டுமென்று நமது சட்டசபை 2023 ஏப்ரலில் தீர்மானம் செய்தது. ஆனால் 2024 நவம்பரில், சிறுவயதில் ஞானஸ்நானம் பெற்ற புதுச்சேரிப் பெண் ஒருவருக்கு அந்தச் சர்ட்டிபிகேட் இல்லையென்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிற்று. கல்லறைக்குப் போனால் ஜாதி உண்டு. தாலுகா ஆபீசுக்குப் போனால் ஜாதி இல்லை. இது என்ன நியாயம்?

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சட்டம் கேட்பது மதத்தை; பெயரையல்ல. மேஜைக்குப் பின்னால் இருப்பவர் பெயரைப் பார்த்தே முகம் சுளிக்கிறார் என்பது வாஸ்தவம். அதனால்தான் எத்தனையோ வீட்டில் கூப்பிட ஒரு பெயர், ரிஜிஸ்டரில் ஒரு பெயர். தன் பெயரை மறைக்கப் பழகுகிற குழந்தைக்கு நாம் எந்தச் சுயமரியாதையைக் கற்றுக்கொடுக்க முடியும்? சுளிக்கிறவரிடம் சட்டத்தைக் காட்டி வாதாடுவோமே தவிர, குழந்தையின் பெயரை ஒளிக்க மாட்டோம்.

இன்னொரு சங்கதி. அந்தப் புஸ்தகத்தின்படி தெபொராள் யார்? மரத்தடியில் உட்கார்ந்து ஜனங்களுக்கு நியாயம் தீர்த்த பெண். அந்தப் பெயரை எத்தனையோ பெண்களுக்குச் சூட்டிய சபைகள் அவளுடைய ஆசனத்தைக் கொடுத்தனவா? 1947-ல் ஏற்பட்ட தென்னிந்தியத் திருச்சபை பெண்ணைக் குருவாக்கப் பல வருஷங்கள் ஆயின. கத்தோலிக்கர் இன்றைக்கும் ஆக்கவில்லை. சர்க்கார் மட்டும் வெகு யோக்கியமா? இந்த நாட்டில் ஐக்கோர்ட்டில் முதல் பெண் ஜட்ஜு, கேரளத்து அன்னா சாண்டி, உட்கார்ந்தது 1959-ல்தான்.

நம்மவர்களும் சிரிக்க வேண்டாம். பெண்ணுக்குப் புரட்சிகரமான பெயர் வைத்துவிட்டு, சொத்தை மட்டும் மகன் பேரில் எழுதுகிற தோழர்கள் நம்மில் இல்லையா? பெண்ணுக்குச் சமமான சொத்துரிமை வேண்டுமென்று செங்கற்பட்டில் 1929-ல் கேட்டோம். இந்து குடும்பங்களில் பிதிரார்ஜித சொத்துக்குத் தமிழ்நாட்டில் சட்டம் வந்தது 1989-ல். இன்னும் எத்தனை வீட்டில் தங்கையிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள்!

ஆகவே என் முடிவு இது. பதினைந்து நாள் வழக்காடியவர்கள் பெற்றவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கேட்டேன். "எங்கள் ஆயா பெயரே இருக்கட்டும்" என்றார் அந்தத் தாயார். எனவே தெபொராள் என்றே இருக்கட்டும். வேதத்திலிருந்து வந்த பெயராக அல்ல, 'வேண்டாம்' என்ற பெயரை அடித்துப்போட்ட பெயராக இருக்கட்டும். ஞானஸ்நானமும் வேண்டாம், மொட்டையும் காதுகுத்தும் வேண்டாம். மதம் வேண்டுமா என்பதைப் பெரியவளானதும் அவளே முடிவு செய்வாள். பாட்டியம்மாள் இதற்குச் சம்மதித்துவிட்டார். நம்மில் பலரைவிட அவருக்குப் பெருந்தன்மை அதிகம். ஜாதி வால் ஒட்ட வேண்டாம். முன்னெழுத்தில் தாயின் எழுத்தும் சேரட்டும். பிறப்பு ரிஜிஸ்டரில் பெயர் சேர்க்கப் பன்னிரண்டு மாதம் வரை கட்டணம் கிடையாது. தள்ளிப் போடாமல் நாளைக்கே மாநகராட்சி ஆபீசுக்குப் போய் எழுதிவிடுங்கள்.

வளர்ந்த பிறகு அவளுக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லையானால் தாராளமாக மாற்றிக்கொள்ளட்டும். அதற்கு வேண்டிய படிப்பையும் தைரியத்தையும் கொடுப்பதுதான் உங்கள் வேலை. நான் சொன்னேன் என்பதற்காக எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம். யோசித்துப் பார்த்து, சரியென்று பட்டதைச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு, குழந்தை தெபொராளை வாழ்த்தி முடித்துக்கொள்ளுகிறேன்.