வீட்டுவரி மதிப்பார் யாவர்?



வீட்டுவரி மதிப்போரை ஊரார் தேர்தல் நன்றா, அரசினர் அமர்த்துதல் நன்றா என்பது எனக்கிட்ட பொருள். நம் ஒரகடத்து வட்டாரம் இரண்டையும் கண்டுளது. 1994ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டப்படி, தேர்தலில் வென்ற தலைவரே செயல் அதிகாரி. ஆயினும் 2016 அக்டோபர் முதல் 2021 அக்டோபர் வரை, தேர்தல் நடவாமையின், நம் மாவட்டத்து ஊராட்சிகளைத் தனி அலுவலரே நடத்தினர். ஆலைகள் பெருகிய இவ்விடத்தே, வரியைப்பற்றி முறையிடத் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவருமிலர். அலுவலர் கைசுத்தமுடையவராகவே இருக்கலாம்; அவரை மாற்றும் உரிமை நமக்கில்லையே!

அதுகொண்டு தேர்தலே போதுமென்று யான் கூறேன். நம் மாவட்டத்து உத்தரமேரூர் வைகுந்தப்பெருமாள் கோயிற் சுவரைக் காண்மின். முதற்பராந்தகன் காலத்து, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்த முறையைக் கூறும். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும் சொந்த மனையில் வீடும் உடையராய், 35க்கு மேல் 70க்குட்பட்டோர் பெயரே குடவோலையில் இடப்பெற்றது. அந்தணர் ஊராகலின் ஏனையோர்க்கும் பெண்டிர்க்கும் இடமில்லை. அக்குறையை மறைத்தல் வேண்டா. ஆனால், வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவனோடு அவன் மாமனார், மைத்துனன், மருமகனும் விலக்கப்பட்டனர்.

நம் சங்கத்தாருட் சிலர், ‘நம்மவர் தலைவரானால் நம் வரி குறையும்’ என்கின்றனர். அங்ஙனம் குறைந்தது அடுத்த தெருவார் தலையிலன்றோ ஏறும்?

வீட்டை அளத்தல் பயின்ற அலுவலர் தொழில். அளவு பிழையென்பார் முறையீட்டைக் கேட்டல் ஊரார் தேர்ந்தோர் தொழில். உறவினர் வழக்காயின் அவர் விலகுக. ஒவ்வொரு வீட்டின் அளவும் வரியும் ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்டப்பெறல் வேண்டுமென்று வரும் கிராம சபையிற் கேட்போம். முதற்கண் நம் சங்கக் கட்டிடத்தின் அளவையே ஒட்டச் சொல்வோம்.