பல்லும் புளோரைடும்

தருமபுரி வட்டாரத்தில் பல்லிற் பழுப்புக் கறை உடையோரைக் கண்டால், பல் துலக்காச் சோம்பேறிகள் என்று சிலர் எண்ணிவிடுகின்றனர். இதனினும் பெரிய அநீதி இல்லை என்பேன். அந்தக் கறை வெளியிலிருந்து படிந்ததன்று. ஈறினுள் பல் உருவாகும் பருவத்திலேயே எனாமலோடு கலந்துவிட்டது. கிணற்று நீரில் மிகுந்துள்ள புளோரைடு என்னும் தாது உப்பே காரணம். கரியும் செங்கற்பொடியுமிட்டுத் தேய்ப்போர்க்கு எனாமல் தேய்ந்ததே மிச்சம்.

அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸ் நகருக்கு 1901-இல் வந்த மெக்கே என்னும் பல் மருத்துவர், இத்தகைய கறையின் மூலத்தை ஆண்டுக்கணக்கில் தேடினார். 1931-இல்தான் நீரிலுள்ள புளோரைடு அகப்பட்டது. வியப்பு யாதெனில், கறைபட்ட அப்பற்களிற் சொத்தை குறைவு! ஆகவேதான் 1945-இல் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரத்தார் குடிநீரில் அதை அளவோடு சேர்க்கத் தொடங்கினர். லிட்டருக்கு 1 மில்லிகிராம் அளவில் அது பல்லுக்குக் காவல், 1.5-ஐத் தாண்டிய நீர் குடிப்பதற்கு ஆகாது.

காய்ச்சினால் நீங்குமோ என்பீர்கள். நீர்தான் ஆவியாகும், புளோரைடு பாத்திரத்திலேயே தங்கும். 2013-இல் தொடங்கிய ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் காவிரி நீரை அவ்வூர்களுக்குக் கொணர்கிறது. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பருகவும் சோறு சமைக்கவும் அந்நீரையே முதலில் ஒதுக்குங்கள். துணி துவைக்கக் கிணற்று நீர் போதும்.